மார்ச் மாத இடப்போட்டியைத் தொடர எந்தத் தளம்? ரோஸ்டர் ரிசோர்ஸ், பேஸ்பால் சேவன்ட்: ஒரு மதிப்புரை

பிப்ரவரி பிற்பாதியில் மேஜர் லீக் பேஸ்பாலின் (வட அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீக்) 30 அணிகளில் 15 ஃபுளோரிடாவிலும் 15 அரிசோனாவிலும் பயிற்சி ஆட்டங்களைத் தொடங்கிவிடும். அன்றிலிருந்து பேஸ்பால் ரசிகர்களின் தலையில் ஓடுவது ஒரே கேள்வி: சீசன் தொடங்கும்போது அணியில் இருக்கும் 26 பேர் பட்டியலில் மிச்சமிருக்கும் இரண்டு மூன்று இடங்களை எந்த இளம் வீரர்கள் பிடிப்பார்கள்? இதற்காகப் பெரும்பாலானவர்கள் திறப்பது பேட்டிங் சராசரிப் பட்டியலை. உண்மையில் அதைத்தான் கடைசியாகத் திறக்க வேண்டும். முதலில் ஃபேன்கிராஃப்ஸ் என்ற புள்ளிவிவரத் தளத்துக்குள் இருக்கும் ரோஸ்டர் ரிசோர்ஸ், அடுத்து மேஜர் லீக் பேஸ்பாலே நடத்தும் பேஸ்பால் சேவன்ட். யாருக்கு இடம் கிடைக்க வழி இருக்கிறது என்பது முன்னதில் தெரியும், யாருக்குத் திறமை இருக்கிறது என்பது பின்னதில். மார்ச் மாதத்தில் முதல் கேள்விக்குத்தான் எடை அதிகம்.

ரோஸ்டர் ரிசோர்ஸில் 30 அணிகளுக்கும் தனித்தனிப் பக்கம் உண்டு. எதிர்பார்க்கப்படும் பேட்டிங் வரிசை, பெஞ்ச், தொடக்க பிட்ச்சர்கள் (ஆட்டத்தைத் தொடங்கிப் பந்து வீசுபவர்கள்), புல்பென் (அவர்களுக்குப் பின் வீசும் ரிலீவர்கள்), காயப் பட்டியல், அதற்குக் கீழே மைனர் லீக்கில் (மேஜர் லீக்குக்குக் கீழுள்ள நிலைகளில்) காத்திருப்பவர்கள் என்று ஒரு அணியின் அமைப்பு முழுவதும் ஒரே பக்கத்தில் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் வயது, எந்தக் கை, எத்தனை ஆப்ஷன் (மைனர் லீக்குக்கு அனுப்பும் வாய்ப்பு) மிச்சம், சர்வீஸ் டைம் (மேஜர் லீக் பட்டியலில் இருந்த காலம்) எவ்வளவு என்ற விவரங்கள் வரிசையாக வரும். சர்வீஸ் டைம் 2.118 என்று இருந்தால் 2 வருடம் 118 நாள் என்று பொருள். தசம எண்ணாக எடுத்துக்கொண்டு குழம்ப வேண்டாம்.

பக்கத்தைத் திறந்ததும் முதலில் செய்ய வேண்டியது இருக்கைகளை எண்ணுவது. 26 பேரில் அதிகபட்சம் 13 பேர்தான் பிட்ச்சர்கள். மீதி 13 பேட்டர்களில் 9 பேர் தினசரி ஆடுபவர்கள், டெசிக்னேட்டட் ஹிட்டரும் (ஃபீல்டிங் செய்யாமல் பேட் மட்டும் பிடிப்பவர்) இதில் அடக்கம். பெஞ்சில் நான்கு பேர். அதில் ஒன்று இரண்டாவது கேட்சருக்கு, அதைத் தொட முடியாது. மீதி மூன்றில் ஒருவர் ஷார்ட்ஸ்டாப் ஆடத் தெரிந்தவராக இருந்தாக வேண்டும், இன்னொருவர் சென்டர் ஃபீல்டில் நிற்கக் கூடியவராக. கடைசியில் உண்மையான போட்டி ஒரே ஒரு இருக்கைக்குத்தான். ஃபர்ஸ்ட் பேஸ் மட்டுமே ஆடும் ஓர் இளைஞர் மார்ச்சில் .400 (பத்து வாய்ப்பில் நான்கு ஹிட்) அடித்தாலும் ஏன் மைனர் லீக்குக்கு அனுப்பப்படுகிறார் என்பதற்குப் பல நேரம் இந்தக் கணக்கே போதுமான விடை. ‘நம்ம பையனை ஏமாத்திட்டாங்க’ என்று கோபப்படும் முன் பெஞ்ச் பகுதியை ஒருமுறை பாருங்கள்.

அடுத்தது ஆப்ஷன். என்னைக் கேட்டால் இந்தத் தளத்தின் மதிப்பில் பாதி அட்டவணையின் இந்த ஒரு நெடுவரிசையில் இருக்கிறது. 40 பேர் பட்டியலில் (அந்த 26 பேரும் அடங்கிய அணியின் பெரிய பட்டியல்) உள்ள ஒரு வீரரை அணி மூன்று சீசன்களில் மட்டும் தாராளமாக மைனர் லீக்குக்கு அனுப்பி அழைக்கலாம். சிலருக்கு நான்காவது வருடமும் கிடைக்கும். ஒரு சீசனில் மொத்தம் 20 நாளாவது கீழே இருந்தால்தான் ஓர் ஆப்ஷன் வருடம் செலவானதாகக் கணக்கு. ஒரே சீசனில் ஐந்து முறைக்கு மேல் அனுப்ப முடியாது. அனுப்பப்பட்ட பேட்டர் 10 நாளும் பிட்ச்சர் 15 நாளும் கீழே இருக்க வேண்டும், காயமடைந்த ஒருவருக்கு மாற்றாக வருவது போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஆப்ஷன் தீர்ந்தவரைக் கீழே அனுப்ப வேண்டுமானால் வேவர்ஸ் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். அதில் மற்ற 29 அணிகளில் எது வேண்டுமானாலும் அவரைத் தட்டிக்கொண்டு போகலாம்.

ஆகவே ஒரே இடத்துக்கு இருவர் மோதும்போது ஆப்ஷன் இல்லாதவர் பக்கம்தான் அணி சாயும். 24 வயதில் இரண்டு ஆப்ஷன் கையில் இருப்பவர் கொஞ்சம் நன்றாக ஆடியிருந்தாலும், அவரை மைனர் லீக்கின் உச்சநிலையான டிரிபிள்-ஏவுக்கு அனுப்பினால் அணி யாரையும் இழப்பதில்லை. 27 வயதில் ஆப்ஷன் தீர்ந்தவரை விட்டால் இழந்துவிடும். புல்பென்னின் எட்டாவது இடத்தில் இது வருடாவருடம் நடக்கிறது. பல இன்னிங்ஸ் வீசும் ரிலீவர் வேலை ஆப்ஷன் இல்லாத ஒருவருக்குப் போகும். நல்ல எதிர்காலமுள்ள இளம் தொடக்க பிட்ச்சர் டிரிபிள்-ஏவில் ஐந்து நாளுக்கு ஒருமுறை வீசிக் கைவலுவைக் காத்துக்கொள்வார். அவரைப் புல்பென்னில் உட்காரவைத்துவிட்டு, மே மாதம் திடீரென்று ஐந்து இன்னிங்ஸ் வீசச் சொல்ல முடியாது.

மூன்றாவதாக, அவர் 40 பேர் பட்டியலில் இருக்கிறாரா என்பதைப் பாருங்கள். பட்டியலுக்கு வெளியிலிருந்து முகாமுக்கு அழைக்கப்பட்டவர் இடம்பிடிக்க வேண்டுமானால், பட்டியல் நிரம்பியிருக்கும்போது ஒருவரைக் கழித்தாக வேண்டும். கழிக்கப்படுபவரை ஏழு நாளுக்குள் வர்த்தகம் செய்யவோ வேவர்ஸில் விடவோ விடுவிக்கவோ வேண்டும். நீண்ட காயம் உள்ள ஒருவரை 60 நாள் காயப் பட்டியலுக்கு மாற்றினால் யாரையும் இழக்காமல் ஒரு இடம் திறக்கும். அதனால் காயப் பகுதியையும் சேர்த்தே படிக்க வேண்டும். முகாமில் ரூல் 5 டிராஃப்ட்டில் (பிற அணிகளின் 40 பேர் பட்டியலில் இல்லாதவர்களை எடுக்கும் ஏற்பாடு) எடுத்த வீரர் ஒருவர் இருந்தால் போட்டி இன்னும் இறுகும். 1,00,000 டாலர் கொடுத்து எடுத்த அவரை சீசன் முழுக்க 26 பேரில் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் வேவர்ஸைக் கடந்தபின் 50,000 டாலருக்குப் பழைய அணிக்குத் திருப்பிக் கொடுக்க முன்வர வேண்டும்.

இளைஞர்களை ஓரங்கட்டும் இன்னொரு விதி அனுபவசாலிகளுக்கானது. ஆறு வருட சர்வீஸ் முடித்து, முந்தைய சீசனை மேஜர் லீக் பட்டியலில் முடித்து, மைனர் லீக் ஒப்பந்தத்தில் முகாமுக்கு வரும் ஃப்ரீ ஏஜென்ட்டுகள் (எந்த அணியோடும் ஒப்பந்தம் செய்யும் சுதந்திரம் பெற்றவர்கள்) பலருக்கு ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமை உண்டு. தொடக்க நாளுக்கு ஐந்து நாள் முன், மே 1, ஜூன் 1 ஆகிய மூன்று தேதிகளில் அதைப் பயன்படுத்தலாம். ரோஸ்டர் ரிசோர்ஸ் அட்டவணையைப் பார்க்கும்போது இந்தத் தேதிகள் மனத்தில் இருக்க வேண்டும். கடைசி வாரத்தில் திடீரென்று ஓர் இளைஞர் கீழே அனுப்பப்பட்டால், பின்னால் இப்படி ஒரு தேதி இருக்க வாய்ப்பு அதிகம்.

சர்வீஸ் டைம் நெடுவரிசையைப் படிக்கும்போது வருத்தம் வரத்தான் செய்யும். சீசன் சுமார் 187 நாள், 172 நாள் பட்டியலில் இருந்தால் ஒரு முழு வருடம். ஆறு வருடம் முடிந்தால் ஃப்ரீ ஏஜென்ட். இரண்டு வாரத்துக்குச் சற்றே கூடுதலாகக் கீழே வைத்திருந்தால் அணிக்கு ஒரு வருடம் இலவசமாகக் கிடைக்கிறது. 2015 மார்ச்சில் கிரிஸ் பிரையன்ட் ஒன்பது ஹோம் ரன் அடித்தார். ஆனாலும் அவரது அணியான சிகாகோ கப்ஸ் அவரை அனுப்பிவிட்டு ஏப்ரல் 17 அன்றுதான் அழைத்தது. சீசன் முடிவில் அவருக்கு 171 நாள், ஒரு நாள் குறைவு. அந்த வருடத்தின் சிறந்த புதுமுகம் அவர்தான். அவர் தொடுத்த முறையீடு 2020-ல் நிராகரிக்கப்பட்டது. லீக்குக்கும் வீரர்கள் சங்கத்துக்குமான 2022 ஒப்பந்தத்தில்தான் இதற்கு ஓரளவு மருந்து வந்தது. முன்னணித் தரவரிசைகளில் இடம்பெற்ற புதுமுகத்தை முழு வருட சர்வீஸ் கிடைக்கும்படி பட்டியலில் வைத்திருந்து, அவர் சிறந்த புதுமுக விருதை வென்றால், அணிக்குக் கூடுதல் டிராஃப்ட் வாய்ப்பு (புது வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை). ஹூலியோ ரொட்ரீகஸை 2022 தொடக்க நாளிலேயே ஆடவிட்ட மரைனர்ஸ் அதைப் பெற்றது. 2024-ல் பால் ஸ்கீன்ஸை மே 11 வரை கீழே வைத்திருந்த பைரேட்ஸுக்கு அது கிடைக்கவில்லை. ஸ்கீன்ஸுக்கோ விருதின் பலனாக முழு வருட சர்வீஸ் கிடைத்துவிட்டது. தரவரிசையில் முன்னணியில் இருக்கும் பெயரைப் பார்க்கும்போது இந்த விதியையும் கணக்கில் சேருங்கள், ரோஸ்டர் ரிசோர்ஸின் எண்கள் மட்டும் இதைச் சொல்லிவிடாது.

குறைகளும் உண்டு. பெஞ்சின் கடைசி இரண்டு பெயர்கள் தொகுப்பவர்களின் ஊகம்தான், அணியின் அறிவிப்பு அல்ல. அங்கே பெயர் இருப்பதை வைத்து ‘உறுதி’ என்று எழுதிவிடக் கூடாது. அட்டவணை அகலமானது என்பதால் கைபேசியில் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டியிருக்கிறது, பெரிய திரையில் படிப்பதே சுகம்.

இனி பேஸ்பால் சேவன்ட். முற்றிலும் இலவசம். வீரர் பக்கத்தில் தெரியும் சிவப்பு நீலப் பட்டைகளை மார்ச்சில் நம்பிப் பயனில்லை, அவை வழக்கமான சீசனின் எண்கள். தேடல் பக்கத்துக்குப் போய் சீசன் வகையில் பயிற்சி ஆட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். பேட்டர் அல்லது பிட்ச்சர், வருடம், அணி ஆகியவற்றைக் குறித்து, வீரர் வாரியாகத் தொகுக்கச் சொன்னால் பட்டியல் வந்துவிடும்.

பேட்டரிடம் பார்க்க வேண்டியது அவர் அடித்த மிக வேகமான பந்து. சராசரி வேகத்துக்குப் பல பந்துகள் வேண்டும், உச்சவேகத்துக்கு ஒன்று போதும். மணிக்கு 112 மைலில் ஒரு பந்தை அடித்துவிட்டால் அந்த வலு உடம்பில் இருக்கிறது, அதிர்ஷ்டத்தால் வராது. பேட் வீச்சு வேகம் கிடைத்தால் அதையும் பாருங்கள். மேஜர் லீக் சராசரி சுமார் 72 மைல், 75-ஐத் தாண்டினால் வேகமான வீச்சு. ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பது) விகிதம் சுமார் 60 முறை பேட் பிடித்த பிறகே ஓரளவு நம்பத்தக்கதாகும். ஒரு முகாமில் தினசரி ஆடுபவருக்கே அவ்வளவுதான் கிடைக்கும், இளைஞருக்கு இன்னும் குறைவு. பேட்டிங் சராசரி அந்த அளவில் ஒன்றுமே சொல்லாது. ஸ்ட்ரைக் என்று கணக்கிடப்படும் பகுதியான ஸோனுக்கு வெளியே போகும் பந்துகளைத் துரத்துவது போன வருடத்தைவிடக் குறைந்திருக்கிறதா என்பது அதைவிட நல்ல கேள்வி.

பிட்ச்சர்களுக்கு வேகம்தான் முதல் அறிகுறி. போன வருடத்தைவிட ஃபாஸ்ட்பால் ஒன்றரை இரண்டு மைல் கூடியிருந்தால் கவனியுங்கள். ஆனால் ஒரே இன்னிங்ஸ் முழு மூச்சோடு வீசியவரின் வேகத்தை, போன வருடம் ஆறு இன்னிங்ஸ் வீசிய அவரது சராசரியோடு ஒப்பிடுவது தவறு. அந்த ஆட்டங்களின் முதல் இன்னிங்ஸ் வேகத்தோடு ஒப்பிடுங்கள். அரிசோனாவின் காய்ந்த காற்றில் பந்து குறைவாக வளையும். அங்கே வளைவு குறைந்ததைக் கண்டு பயப்பட வேண்டாம். இன்னொரு தொல்லை பெயரிடல். புதிதாகக் கற்ற ஸ்வீப்பர், கட்டர் போன்ற பந்து வகையை முதல் வாரங்களில் தளம் பழைய ஸ்லைடர் என்றே குறித்துவிடும். பெயரை நம்பாமல் வேகத்தையும் பக்கவாட்டு வளைவையும் பார்த்தால் இரண்டு தனித்தனிக் கூட்டங்களாகப் புள்ளிகள் தெரியும்.

எல்லா முகாம் மைதானங்களிலும் கருவிகள் இல்லாதது சேவன்ட்டின் பெரிய ஓட்டையாக இருந்திருக்கிறது. சில ஆட்டங்களுக்கு எண்ணே இல்லாமல் போகலாம். ‘இவரைக் காணவில்லையே’ என்று நினைப்பதற்கு முன் எந்த மைதானம் என்று பாருங்கள்.

பேஸ்பால் ரெஃபரன்ஸ் என்ற இன்னொரு புள்ளிவிவரத் தளத்தின் பயிற்சி ஆட்டப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு எண் போதும்: எதிராளியின் தரம். அளவுகோல் 1 முதல் 10 வரை, 10 என்றால் மேஜர் லீக் தரம், 8 ஏறத்தாழ டிரிபிள்-ஏ. ஆறாவது இன்னிங்ஸுக்குப் பிறகு நட்சத்திரங்கள் குளித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள், 90-க்கு மேற்பட்ட எண் போட்ட மைனர் லீக் வீரர்கள்தான் களத்தில். அவர்கள் மீது அடித்த மூன்று ஹோம் ரன்னை இந்த எண் அம்பலப்படுத்திவிடும்.

இரண்டு தளங்களும் சேர்ந்தும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. 2024-ல் பேஸ்பாலின் முதல்நிலை இளம் வீரராக மதிக்கப்பட்ட ஜாக்சன் ஹாலிடே, தொடக்க நாளில் ஓரியோல்ஸ் பட்டியலில் இல்லை. அந்த முடிவைத் திட்டாத ரசிகர் குறைவு. ஏப்ரல் 10 அன்று அழைத்தார்கள். 34 முறை அட் பேட்டில் 2 ஹிட், 18 ஸ்ட்ரைக் அவுட். அந்த மாதமே திருப்பி அனுப்பினார்கள். சேவன்ட்டில் ஸ்ட்ரைக் அவுட் விகிதத்துக்குத் தனி எடை கொடுங்கள் என்று சொல்வது இதனால்தான். வயது 20 என்ற எண்ணுக்கும் எடை உண்டு.

தளங்களில் ஒன்றை மட்டும்தான் தினமும் திறக்க நேரம் இருக்கிறது என்றால், ரோஸ்டர் ரிசோர்ஸில் இருக்கைகளை ஒருமுறை எண்ணிவிட்டு, மார்ச் 20 வரை சேவன்ட், அதற்குப் பின் ரோஸ்டர் ரிசோர்ஸ். கடைசி வாரத்தில் யாரும் புதிதாகத் திறமை காட்டப் போவதில்லை. அப்போது நகர்வது பட்டியல்தான், அதுவும் சில நாட்களில் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக. கீழே அனுப்பப்பட்டவரை அத்தோடு மறந்துவிட வேண்டியதில்லை. சேவன்ட்டில் மைனர் லீக்குக்கென்று தனித் தேடல் பக்கம் இருக்கிறது, டிரிபிள்-ஏ ஆட்டங்கள் அனைத்தின் எண்களும் 2023 முதல் அதில் கிடைக்கின்றன. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் அங்கே அவருடைய ஸ்ட்ரைக் அவுட் விகிதத்தையும், ரோஸ்டர் ரிசோர்ஸில் அவருக்கு முன்னால் நிற்பவரின் ஆப்ஷனையும் ஒருசேரப் பாருங்கள்.