வோலோஸில் ஒரு வேளை சாப்பாடு: சிபுரோக் கடையா, கடலோர டவெர்னாவா, மலைக் கிராமமா?

கிரேக்கத்தின் தெசலிப் பகுதியில், பகாசித்திகோஸ் வளைகுடாவின் வடகோடியில் இருக்கிறது வோலோஸ் துறைமுகம். ஊரை ஒட்டியே 1,600 மீட்டருக்கு மேல் எழும்பி நிற்கிறது பீலியோன் மலை. காலையில் கடலில் குளித்துவிட்டு மதியம் செஸ்ட்நட் மரத்தடியில் உட்காரலாம். அதனாலேயே எங்கே சாப்பிடுவது என்ற குழப்பமும் வருகிறது. ஒரே ஒரு வேளைதான் கையில் இருக்கிறது என்றால் என் ஓட்டு ஊருக்குள் இருக்கும் சிபுராதிகோ என்ற சிபுரோக் கடைக்குத்தான். மீன் சாப்பிடத்தான் ஆசை என்றாலும் அங்கேதான் போகச் சொல்வேன்.

சிபுரோ என்பது ஒயினுக்காகத் திராட்சையைப் பிழிந்தபின் மிஞ்சும் சக்கையைக் காய்ச்சி வடிக்கும் சாராயம். அதை ஊற்றிக் கொடுக்கும் கடை சிபுராதிகோ. 1922-இல் சின்ன ஆசியாவிலிருந்து (இன்றைய துருக்கி) துரத்தப்பட்டு வந்த கிரேக்க அகதிகள் வோலோஸில் குடியேறினார்கள். அவர்கள் கொண்டுவந்த சமையல் பழக்கமும், துறைமுகத் தொழிலாளர்களின் மதிய இடைவேளையும் சேர்ந்து வளர்த்த கடைகள் இவை. சோம்பு மணத்தோடு வேண்டுமா, இல்லாமலா என்று கேட்பார்கள். வழக்கமாக நாம் எடுக்க வேண்டிய முடிவு அது ஒன்றுதான். 50 மில்லி அளவில் ஒரு குட்டிப் பாட்டில் வரும், கூடவே ஒரு சிறு தட்டு. அடுத்த பாட்டிலுக்கு அடுத்த தட்டு. முதலில் ஊறுகாய், ஆலிவ் மாதிரி எளிய வகைகள். அப்புறம் பொரித்த நெத்திலி, மட்டி, இறால், தணலில் வாட்டிய ஆக்டோபஸ் என்று சுற்றுக்குச் சுற்று ஏறிக்கொண்டே போகும்.

தேர்வு நம் கையில் இல்லை என்பதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதுதான் இந்த முறையின் பலமாகத் தெரிகிறது. மெனு அட்டையில் பதினைந்து மீன் பெயரை அச்சடித்த கடை, வலையில் சிக்காத நாளிலும் அந்தப் பதினைந்தையும் தந்தாக வேண்டும். அதற்கு உறைபெட்டிதான் வழி. சிபுராதிகோ சமையல்காரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. காலைச் சந்தையில் மலிவாக, புதிதாகக் கிடைத்த சின்ன மீன் இரண்டு கிலோ இருந்தால்கூடப் பத்து மேசைக்குச் சிறு தட்டுகளாகப் போய்விடும். பெரிய உணவகம் சீண்டாத பொடி மீன்தான் இங்கே பிரமாதமாக இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. சிபுரோ சுமார் 40 சதவீதம் ஆல்கஹால் உள்ள சரக்கு. தட்டுக்கு ஆசைப்பட்டுப் பாட்டிலை அடுக்கினால் நான்காவது சுற்றில் நாக்கு மரத்துவிடும். தண்ணீரோ ஐஸோ சேர்த்து, மாலைவரை இழுத்துச் சாப்பிடுவதுதான் உள்ளூர் வழக்கம். குடிக்காதவர்கள் உட்காரும் முன்பே தட்டுகள் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிடுவது நல்லது.

சரி, கடலோர மீன் டவெர்னா, அதாவது எளிய கிரேக்க உணவகம், எப்போது மேல்? குழந்தைகளோடு, பெரிய கூட்டமாக, ஒரு முழு மீனைப் பகிர்ந்து சாப்பிட வேண்டும் என்றால். வளைகுடாவின் கிழக்குக் கரையில் அஃபிசோஸ், முனையில் திரிகேரிக்குக் கீழே அயியா கிரியாகி என்ற மீனவர் ஊர், இரண்டும் அதற்குப் பொருத்தமான இடங்கள். பெரிய மீனுக்குக் கிலோ கணக்கில் விலை. ஆகவே மீனைக் கண்ணால் பார்த்து, எடை போட்டு, தொகையைக் கேட்டபின் அடுப்புக்கு அனுப்பச் சொல்லுங்கள். மெனுவில் நட்சத்திரக் குறி இருந்தால் பெரும்பாலும் அது உறைய வைத்த பொருள்; குறி எதற்கு என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். கடல் காற்றும் காலடியில் அலையும் சுகம்தான், ஆனால் அதற்கான வாடகையும் நம் பில்லில்தான் ஏறுகிறது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பரில் டேனியல் புயல் வெள்ளத்தால் வோலோஸுக்கு அருகிலுள்ள கார்லா ஏரி பெருத்தது. அங்கிருந்த நன்னீர் மீன்கள் 2024 ஆகஸ்டில் வளைகுடாவுக்கு அடித்து வரப்பட்டு, உப்புநீரில் செத்து மிதந்தன. 100 டன்னுக்கு மேல் அள்ளினார்கள். கரையோரக் கடைகளில் ஆளில்லாமல் போனது. செத்தவை ஏரி மீன்கள்; தட்டுக்கு வரும் கடல் மீன்கள் அல்ல. அந்தச் செய்தியை நினைத்து இந்தக் கடைகளை ஒதுக்காதீர்கள்.

மலைக்குப் போனால் மீனை மறந்துவிடுங்கள். போர்தாரியா, மக்ரினிட்சா கிராமங்களில் காரமான சாசேஜும் குடைமிளகாயும் தக்காளியில் வேகும் ஸ்பெட்சோஃபாய் கிடைக்கும். காட்டுப் பிஸ்தாவின் இளந்தளிரை ஊறவைத்த சிட்சிராவ்லா என்ற ஊறுகாய் இந்த மண்ணுக்கே உரியது. ஸகோரா ஆப்பிளும், ஃபிரிகி என்ற குட்டி ஆப்பிளைப் பாகில் போட்ட இனிப்பும் இலையுதிர் காலத்தில் மலையேறப் போதுமான காரணங்கள். அந்த மாதங்களில் நான் கடற்கரைப் பக்கம் போகவே சொல்ல மாட்டேன்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மூன்றில் மலைதான் சரி. வெள்ளை பீன்ஸ் சூப், கீரை, காய்கறிப் பை (pie), அரிசி அடைத்த தக்காளி என்று வயிறு நிறையும். ஆனால் ‘நிஸ்டிசிமா’, அதாவது விரத உணவு என்று எழுதியிருப்பதை நம்பி ஆர்டர் செய்ய வேண்டாம். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ விரதத்தில் இறைச்சி, மீன், முட்டை, பாலுக்குத்தான் தடை. ஆக்டோபஸ், இறால், மட்டி எல்லாம் அனுமதி. “மீனும் கடல் உணவும் வேண்டாம்” என்று தனியாகச் சொல்லுங்கள்.

எங்கே சாப்பிட்டாலும் ரொட்டிக்குச் சிறு தொகை சேர்ப்பது வழக்கம். முறையான ரசீது தராவிட்டால் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது சட்டம். கடையிலேயே எழுதி வைத்திருப்பார்கள். மதியம் சிபுராதிகோ, இரவு மலை என்று திட்டமிட்டால் காரை எடுக்காமல் போர்தாரியா பஸ்ஸில் ஏறுங்கள், பாதை முழுக்க வளைவுகள்.