என்.டி.ஏ-வுக்கு 'ப்ரொஃபைல்' தயார் செய்து தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

பிளஸ் 1, பிளஸ் 2 படிக்கும் பிள்ளையை என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு வழியாக ராணுவ அதிகாரி ஆக்க ஆசைப்படும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பணம் கட்டுவதற்கு முன் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள்.

எங்களிடம் போனது மொத்தம் 1,47,000 ரூபாய். அதில் பாதி, கூட்டுறவு வங்கியில் என் வளையல்களை வைத்து வாங்கிய நகைக்கடன். பணம் வாங்கிய பயிற்சி அகாடமியின் பெயரை இங்கே எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருப்பதால் இப்போது பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

நாங்கள் நிலக்கோட்டைப் பக்கம். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். மகனுக்கு எட்டாம் வகுப்பிலிருந்தே ராணுவ ஆசை. பத்தாவது முடிந்த விடுமுறையில் பக்கத்து நகரத்தில் ஒரு அகாடமியின் பேனரைப் பார்த்தோம். சீருடையில் 14 பிள்ளைகளின் படம், மேலே 'எங்கள் அதிகாரிகள்' என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்தவர், தான் எஸ்.எஸ்.பி. எனும், ராணுவ அதிகாரிகளை நேர்காணல் நடத்தித் தேர்ந்தெடுக்கும் போர்டில் இருந்து ஓய்வு பெற்றவர் என்றார். குரலும் நடையும் அப்படித்தான் இருந்தது. எந்தப் பதவி, எந்த ஆண்டு என்று நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். பிறகு கேட்டபோது பதில் வரவில்லை.

எழுத்துத் தேர்வுக்கும் நேர்காணலுக்கும் சேர்த்துப் பயிற்சிக் கட்டணம் 85,000. கட்டினோம். வகுப்புகளைப் பற்றிப் பெரிய குறை சொல்ல மாட்டேன், சுமார்தான். பையன் தானாகவே உட்கார்ந்து படித்தான். எழுத்துத் தேர்வில் கணிதத்துக்கு 300 மதிப்பெண், பொதுத்திறனுக்கு 600, தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிப்பு. நம் பிளஸ் 1, பிளஸ் 2 கணிதப் புத்தகங்களிலேயே பெரும்பகுதி வந்துவிடுகிறது. பழைய வினாத்தாள்கள், தேர்வை நடத்தும் யு.பி.எஸ்.சி. இணையதளத்தில் இலவசம். தேர்வுக் கட்டணம் வெறும் 100 ரூபாய். கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வரும் என்பதால் நம் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குத் தனியாக உழைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆறு மாதம் கழித்து அந்த அகாடமிக்காரர் என்னைக் கூப்பிட்டார். "மேடம், பையன் படிப்பில் பரவாயில்லை. ஆனால் ப்ரொஃபைல் ரொம்ப வீக். இப்படியே அனுப்பினால் முதல் நாளே திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்றார். அதற்கு ஒரு பேக்கேஜ், 45,000 ரூபாய்.

அவனுடைய ப்ரொஃபைலில், அதாவது படிப்பைத் தவிர அவன் செய்தவற்றில், என்ன இருந்தது என்று சொல்கிறேன். என் மாமியாருக்கு டயாலிசிஸ். வாரத்தில் இரண்டு நாள் மதுரைக்குப் போக வேண்டும். சனிக்கிழமை முறை மகனுடையது. அதிகாலை பஸ்ஸில் அப்பத்தாவைக் கைப்பிடித்து ஏற்றிக் கொண்டுபோய், மாலையில் கூட்டி வருவான். வரும்போது அவருக்கு நிற்கக்கூட முடியாது, பஸ்ஸில் இடமும் கிடைக்காது. பிளஸ் 1 படிக்கும்போது இவன் அங்கே வருகிறவர்களிடம் பேசிப் பேசி, வத்தலக்குண்டில் இருவர், எங்கள் ஊரில் அப்பத்தா, வாடிப்பட்டியில் இருவர் என்று ஐந்து நோயாளிகளைச் சேர்த்து ஒரு வேன் பேசினான். யார் எவ்வளவு தர வேண்டும், யார் பாக்கி, எந்த வாரம் யார் வரவில்லை என்று ஒரு நோட்டில் கணக்கு வைத்தான். ஒரு தடவை வேன்காரர் திடீரென்று வாடகையை ஏற்றியபோது எல்லாருக்கும் சேர்த்து இவன்தான் பேசி முடித்தான். இது போக பள்ளிக் கபடி அணிக்குக் கேப்டன். குறுவட்டப் போட்டி வரை போனார்கள்.

அவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஆஸ்பத்திரி கதை வேண்டாம் மேடம். வீட்டில் பிரச்சினை இருக்கிற பையன் என்று நினைப்பார்கள். குறுவட்டக் கபடி எல்லாம் எடுபடாது" என்றார். என் கண் முன்னால் அந்த வரிகளைப் பேனாவால் அடித்தார். எனக்கு அப்போதே கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தெரிந்தவர் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அதற்குப் பதில் ஒரு பச்சைக் கோப்பு கொடுத்தார்கள். இமாசலத்தில் 7 நாள் மலையேற்றம் போனதாக ஒன்று, துப்பாக்கி சுடும் போட்டியில் கலந்துகொண்டதாக ஒன்று, தலைமைப் பண்பு முகாம், ஆங்கிலப் பேச்சுப் போட்டி என்று வழவழவென்ற சான்றிதழ்கள். "அவன் போகவே இல்லையே சார்?" என்று கேட்டேன். "எல்லாரும் செய்வதுதான் மேடம். யாரும் இமாசலத்துக்குப் போய் விசாரிக்க மாட்டார்கள்" என்றார். மகன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "இது வேண்டாம்மா" என்றான். நான்தான் வற்புறுத்தினேன். இந்தத் தப்பில் என் பங்கை நான் மறைக்கப் போவதில்லை.

இப்போது எனக்குத் தெரிந்தது இது. என்.டி.ஏ-வுக்குச் சான்றிதழ் காட்டி மதிப்பெண் வாங்கும் முறையே கிடையாது. எழுத்துத் தேர்வு 900, எஸ்.எஸ்.பி. 900, இந்த இரண்டின் கூட்டுத்தொகைதான் தரவரிசை. என்.சி.சி. 'சி' சான்றிதழுக்குத் தனி நுழைவு உண்டு. ஆனால் அது பட்டதாரிகளுக்கு, பிளஸ் 2 பிள்ளைகளுக்கு அல்ல. விளையாட்டு, பொறுப்பு, பொழுதுபோக்கு எல்லாம் கேட்கப்படும் இடம் எஸ்.எஸ்.பி-யில் கொடுக்கும் தன்விவரப் படிவம். அதை அங்கேயே உட்கார்ந்து பிள்ளை தன் கையால் நிரப்ப வேண்டும். நேர்காணல் அதிகாரி அதை வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்பார். அதில் எழுதும் ஒவ்வொரு வரியும் ஒரு கேள்வி ஆகும். பொய்யாக எழுதியது பிள்ளைக்குப் பலம் சேர்க்காது, அவனையே மாட்டிவிடும்.

எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் ராணுவ ஆட்சேர்ப்பு இணையதளத்தில் பதிய வேண்டும். நாமே செய்யலாம், செலவில்லை. அதற்கும் 5,000 வாங்கினார்கள். அவர்களுடைய மின்னஞ்சலையும் செல்பேசி எண்ணையும் போட்டுப் பதிந்துவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. எங்களைக் கேட்காமலே தேதியும் தேர்ந்தெடுத்தார்கள். அது சரியாக பிளஸ் 2 செய்முறைத் தேர்வு வாரம். பள்ளியில் தலைமையாசிரியர் நல்ல மனதோடு அவனை வேறு குழுவுக்கு மாற்றிக் கொடுத்ததால் தப்பித்தோம். கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

'மெடிக்கல் ப்ரீ-செக்' என்று இன்னொரு 12,000. உயரம், எடை, பார்வை பார்த்தார்கள். எங்கள் ஊர்க் கண் மருத்துவரிடமும் அரசு மருத்துவமனையிலும் மிகக் குறைந்த செலவில் ஆகியிருக்கும். சோதனை தேவைதான். நிறக்குருடு, தட்டைப் பாதம், முழங்கால் முட்டுவது போன்றவற்றை முன்கூட்டியே நல்ல மருத்துவரிடம் பார்த்துக்கொள்வது நல்லது. பச்சை குத்துவதிலும் கவனம் வேண்டும், முழங்கைக்குக் கீழே உள்பக்கமும் புறங்கையும் தவிர மற்ற இடங்களில் பொதுவாக அனுமதி இல்லை. ஆனால் இதற்கு 12,000 எதற்கு?

எஸ்.எஸ்.பி. தேர்வு பெங்களூருவில் ஐந்து நாள். முதல் நாள் ஒரு படத்தை 30 நொடி காட்டி, 4 நிமிடத்தில் கதை எழுதச் சொல்கிறார்கள். பிறகு குழுவாக விவாதிக்க வேண்டும். இவன் குழுவில் மூன்று பேர் சொன்னது ஏறக்குறைய ஒரே கதையாம். ஒருவன் விபத்தைப் பார்க்கிறான், ஆம்புலன்ஸ் கூப்பிடுகிறான், ஊரைத் திரட்டுகிறான். எங்கள் அகாடமியும் அதே கதையைத்தான் மனப்பாடம் பண்ண வைத்திருந்தது. எப்படியோ அந்தச் சுற்றைத் தாண்டிவிட்டான்.

நேர்காணலில் அதிகாரி மலையேற்றத்தைப் பிடித்துக்கொண்டார். கடுமையாக எல்லாம் இல்லை, ஆர்வமாகத்தான் கேட்டாராம். எந்த ஊரிலிருந்து ஏற ஆரம்பித்தீர்கள்? முதல் நாள் எவ்வளவு தூரம்? கூட வந்தவர்கள் எந்தெந்த ஊர்? யாருக்காவது உடம்பு முடியாமல் போனதா, அப்போது நீ என்ன செய்தாய்? அகாடமி தந்திருந்த ஒரு பக்க விடை இரண்டாவது கேள்வியோடு தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வாய் வரவில்லை. கடைசியில் அவர், "சரி, சனி, ஞாயிறுகளில் என்ன செய்வாய்?" என்று கேட்டிருக்கிறார். இவன் சைக்கிள் ஓட்டுவேன் என்று சொல்லியிருக்கிறான். படிவத்தில் அப்படித்தான் எழுதச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"வேன் விஷயம் வாய் வரைக்கும் வந்துச்சும்மா. அதுக்கு முன்னாடி சொன்னதெல்லாம் பொய்னு அவருக்குத் தெரிஞ்சு போச்சு. இதையும் பொய்னு நினைச்சிருவாரேன்னு சொல்லலை." இதை அவன் வீட்டுக்கு வந்து நான்கு நாள் கழித்துச் சொன்னான். அன்று இரவு நான் தூங்கவில்லை.

அவன் அங்கே இருந்தபோது இன்னொன்று நடந்தது. செல்பேசியை வாங்கி வைத்துக்கொள்வார்கள், பிள்ளையிடம் பேச முடியாது. நான்காம் நாள் மாலை அகாடமிக்காரர் எனக்குப் போன் செய்தார். நாளைக்குக் கடைசி நாள் கான்ஃபரன்ஸ், உள்ளே தெரிந்தவர் இருக்கிறார், 3 லட்சம் அனுப்பினால் முடித்துவிடலாம் என்றார். தாலிக்கொடியை எடுத்து மேசையில் வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் நாமக்கல்லில் இருந்து போனிலேயே சத்தம் போட்டார், "ஒரு பைசா கொடுக்காதே. வாங்குற கை உள்ள இருந்தா என் பையன் அங்க போகவே வேண்டாம்" என்று. அதனால் தப்பித்தோம். நேர்காணல் அதிகாரி, உளவியல் வல்லுநர், குழுத் தேர்வு அதிகாரி என்று மூன்று பேர் தனித்தனியாக மதிப்பிட்டு, கடைசி நாள்தான் போர்டாக ஒன்றாக உட்காருகிறார்கள். இப்படிப் போன் வந்தால் அது மோசடி என்று எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணையும் உரையாடலையும் பத்திரப்படுத்தி போலீசில் புகார் கொடுங்கள்.

மகன் தேர்வாகவில்லை. ஏன் என்று அங்கே காரணம் சொல்ல மாட்டார்கள். சான்றிதழ்தான் காரணம் என்று நானும் அடித்துச் சொல்ல முடியாது. ஒரு தேர்வுக்கு அறிவிக்கும் இடங்களே ஏறக்குறைய 400தான். 2025 முதல் தேர்வுக்கு 406. நல்ல பிள்ளைகள் பலருக்கும் கிடைக்காமல் போகிறது. ஆனால் அவன் அவனாகவே போய்த் தோற்றிருக்கலாம். அந்த வாய்ப்பைத்தான் 45,000 கொடுத்து நான் கெடுத்தேன்.

திரும்பி வந்ததும் அந்தப் பேனரில் இருந்த பெயர்களை யு.பி.எஸ்.சி. வெளியிட்ட இறுதிப் பட்டியல்களில் தேடினேன். பட்டியலில் பெயர் இருக்கும், யாரும் பார்க்கலாம். 14 பேரில் மூன்று பெயர்தான் கிடைத்தது. மற்றவர்கள் எழுத்துத் தேர்வு மட்டும் தேறியவர்களாக இருக்கலாம். அந்த மூவரில் ஒருவனின் அப்பாவைத் தேடிப்பிடித்துப் பேசினேன். மாதிரி நேர்காணலுக்காக ஒரு வாரம் மட்டும் போனானாம், படம் போட்டது அவர்களுக்கே தெரியாது. 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பயிற்சி மையங்களின் விளம்பரங்களுக்கு விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. தேர்வானவரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் படம் போடக் கூடாது. அவர் எந்தப் பயிற்சியில் எவ்வளவு நாள் படித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். சேருவதற்கு முன் இதைக் கேளுங்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் செய்தேன். அதற்குப் பிறகு 20,000 திருப்பித் தந்து, மீதிக்கு இழுத்தடித்தார்கள். இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. ரசீதில் 'ப்ரொஃபைல்' என்று எழுதாமல் 'ஸ்டடி மெட்டீரியல்' என்று எழுதியிருந்தது எங்களுக்குப் பெரிய சிக்கல் ஆனது. வாட்ஸ்அப் செய்திகள்தான் கைகொடுத்தன. பச்சைக் கோப்பை வக்கீலிடம் கொடுத்துவிட்டோம்.

வயது வரம்பு 16½ முதல் 19½ வரை, ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு. மகனுக்கு இன்னும் இரண்டு வாய்ப்பு இருக்கிறது. விண்ணப்பத்தை இந்த முறை அவனே, அவன் எண்ணிலேயே போட்டான். வீட்டில் படிக்கிறான், காலையில் ஓடுகிறான். சனிக்கிழமை வேனில் இப்போது ஏழு பேர் போகிறார்கள்.

திண்டுக்கல், மதுரை, தேனிப் பக்கம் இதே மாதிரி பச்சைக் கோப்பு வாங்கியவர்கள் இருந்தால், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ரசீது, செய்தி, சான்றிதழ் எதையும் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள். எனக்கு எழுதுங்கள், எங்கள் மனுவின் நகலைத் தருகிறேன்.