பள்ளிப் பைக்கு எந்த இடம்: பீரோவா, தகரப் பெட்டியா, ரேழிச் சுவரா?

ஜூன் முதல் வாரத்தில் எந்த ஏற்பாடும் நன்றாகத்தான் தெரியும். சீருடை புதிது, நோட்டுக்குப் போட்ட அட்டை கசங்கவில்லை, தரையும் காய்ந்து கிடக்கிறது. டெல்டாவில் ஒரு வீட்டின் பள்ளி ஏற்பாட்டை ஐப்பசி, கார்த்திகையில் வைத்துத்தான் எடைபோட வேண்டும். அடைமழையில் துணி காயாது, சுவரில் ஓதம் ஏறும், வீட்டுக்குள் நெல் மூட்டை வந்து நிற்கும். அந்த மாதங்களை எது தாங்கும் என்ற ஒரே கேள்வியோடு, எங்கள் பக்கத்து வீடுகளில் காணும் மூன்று முறைகளையும் பார்க்கிறேன்.

பெரும்பாலானோர் நம்புவது இரும்பு பீரோவை. ஒரு பிள்ளைக்கு ஒரு தட்டு. கரையான் வராது, எலி நுழையாது, பூட்டியும் வைக்கலாம். ஆனால் பீரோ இருப்பது உள்ளறையில், சாவி இருப்பது அம்மாவிடம். மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. பள்ளி திறப்பதும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான். அந்தத் தண்ணீரை நம்பித் தொடங்கும் குறுவை நெல் வேலைக்குப் போகும் பெண்கள் விடிந்ததும் வயலுக்குக் கிளம்பிவிடுவார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது பாட்டியாகவோ அப்பாவாகவோ இருக்கும். பெல்ட் எங்கே, அடையாள அட்டை எங்கே என்ற கேள்விக்கு, நாற்றங்காலில் நிற்கும் அம்மாதான் போனில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் ஒருவரின் நினைவை மட்டும் நம்பி ஒரு வீட்டுக் காலை நடப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். மழைக்காலத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. அரைகுறையாகக் காய்ந்த சட்டையை மடித்து உள்ளே வைத்தால் மறுநாள் முடைநாற்றம் வீசும். வேதாரண்யம், நாகை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று பட்டு அடித்தட்டு துருப்பிடிக்கும். அந்தக் கறை வெள்ளைச் சட்டையை விட்டுப் போகாது.

தகரப் பெட்டியைப் பழைய காலத்துப் பொருள் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தினசரிப் புழக்கத்துக்கு அது உதவாது என்பது உண்மைதான். அடியில் கிடக்கும் ஜியாமெட்ரி பாக்ஸுக்காக மொத்தத்தையும் கொட்டிக் கவிழ்க்க வேண்டும். ஆனால் 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது ஓடும் கூரையும் பறந்த வீடுகளை நினைத்துப் பாருங்கள். மேலிருந்து மழை கொட்டும்போது திறந்த அலமாரியால் எதையும் காப்பாற்ற முடியாது. மூடி இறுகிய பெட்டிக்குத்தான் அந்தத் திறன் உண்டு. வாய்க்கால் உடைந்து தண்ணீர் புகுந்தால் நிலைமை நேர்மாறு. கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டிதான் முதலில் நனையும். ஆகவே பெட்டி வேண்டும், தரையில் வேண்டாம். பருவம் முடிந்த பாடநூல்கள், உபரிச் சீருடை, மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் பாலித்தீன் உறையில் சுற்றிப் பெட்டியில் போட்டு, பெட்டியைப் பரணில் ஏற்றிவிடலாம். காய்ந்த வேப்பிலையும் இரண்டு துண்டு வசம்பும் போட்டால் பூச்சி அண்டுவது குறையும்.

தினசரிக்கு என் ஓட்டு ரேழிச் சுவருக்கே. திண்ணைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருப்பதால், உள்ளே வரும் பிள்ளை பையை அங்கேயே மாட்டலாம். போகும்போது அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆளுக்கு மூன்று கொக்கி போதும்: ஒன்றில் புத்தகப்பை, ஒன்றில் மறுநாள் சீருடை, ஒன்றில் பெல்ட்டும் அடையாள அட்டையும். கொக்கியின் உயரம் பிள்ளையின் கைக்கு எட்ட வேண்டும். பெரியவர்கள் தங்கள் தோள் உயரத்துக்கு ஆணி அடித்துவிட்டு, பையன் பையைத் தரையில் போடுகிறான் என்று திட்டுவது நியாயமில்லை.

தனித்தனிக் கொக்கி என்பதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் தொடங்கி மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுவதற்கும் விரிவானது. ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளை அங்கே சாப்பிட வேண்டுமானால் மணியடிப்பதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும். மன்னார்குடிக்கோ கும்பகோணத்துக்கோ டவுன் பஸ் பிடிக்கும் அக்காவின் நேரம் வேறு. ஒரே குவியலில் இருவர் பொருளும் கிடந்தால், முதலில் கிளம்புகிறவர் மற்றவருடைய ஸ்கேலையும் சேர்த்து எடுத்துப் போய்விடுவார்.

ரேழியின் பலவீனம் நெல் மூட்டை. குறுவை அறுவடையானதும் கொள்முதல் நிலையத்தில் முறை வரும்வரை சில வீடுகளில் மூட்டைகள் அங்கேதான் அடுக்கப்படுகின்றன. தை மாதத்தில் சம்பா அறுவடைக்கும் அதே கதை. எனவே ஜூனிலேயே ஒரு சுவர் பிள்ளைகளுக்கு, எதிர்ச்சுவர் மூட்டைக்கு என்று வீட்டில் பேசி முடித்துவிட வேண்டும். தட்டுக்கு மரப்பலகை வேண்டாம். மண் சாந்துச் சுவரில் கரையான் ஏறினால் ஒரு வாரத்தில் நோட்டு வரை வந்துவிடும். கடப்பைக்கல் பலகை நல்லது. அதிலும் புத்தகத்தைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி வைக்கலாம். நனைந்த குடையும் மழைக்கோட்டும் திண்ணையோடு நின்றுவிட வேண்டும். துணி காயக் கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு கொடி கட்டினால் போதும்; அடைமழை நாட்களில் ஞாயிறு வரை சேர்த்து வைக்காமல் அன்றன்றைக்கு ஒரு செட்டைத் துவைப்பது மேல்.

ரேழியே இல்லாத வீடுகளும் இப்போது நிறைய. 360 சதுர அடிக் கான்கிரீட் வீட்டில் வாசற்கதவின் பின்புறத்தைப் பயன்படுத்துங்கள். மரக்கதவானால் இரண்டு கொக்கிகள் தாங்கும். பையை மட்டும் பக்கத்துச் சுவரில் மாட்டுங்கள், கனத்தில் கீல் தொங்கிவிடும். பெட்டிக்குப் பரண் இல்லையென்றால் பீரோவின் தலையில் வைத்து, அதன் நான்கு கால்களுக்கும் செங்கல் கொடுத்து உயர்த்துங்கள்.