முன்பாயைச் சுருட்டுவதா, இறக்குவதா?

மேற்கே மேகம் கறுத்துவிட்டால் சென்னைக் கடலில் பாய்ப்படகில் இருப்பவனுக்குக் கையில் இருப்பது அரை மணி நேரம், சில நாள் அதுவும் கிடையாது. ஆனி, ஆடியில் மத்தியானம் முழுக்க ஒழுங்காக வீசிய கடற்காற்று நாலரை மணிக்குப் பொசுக்கென்று நின்றுபோகும், பாய் துவண்டு தொங்கும், அப்புறம் கரைப்பக்கமிருந்து சில்லென்று ஒரு அறை விழும். அதற்குள் முன்பாயை ஒழித்துக்கட்ட முடிகிறதா? ஃபர்லரா கொக்கிப் பாயா என்று யார் கேட்டாலும் நான் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிப்பேன். ஒரே 27 அடிப் படகில் ஆறு வருஷம் கொக்கிப் பாய், அதற்குப் பிறகு நாலு வருஷமாக ஃபர்லர் என்று இரண்டோடும் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

புதியவர்களுக்கு மட்டும் ஒரு வரி. கொக்கிப் பாய் என்றால், பாயின் முன்விளிம்பில் வரிசையாக இருக்கும் பித்தளைக் கொக்கிகளை பாய்மரத்தை முன்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் முன்கம்பியில் மாட்டி, ஹாலியார்டு கயிற்றால் மேலே ஏற்றுவது. வேண்டாமென்றால் கீழே இறக்குவது. ஃபர்லர் என்றால் முன்கம்பியைச் சுற்றி ஒரு அலுமினியக் குழாய், கீழே ஒரு டிரம், மேலே ஸ்விவல் என்கிற சுழல் இணைப்பு. பாய் குழாயின் காடியில் நுழைந்து நிரந்தரமாக மேலேயே நிற்கும், டிரம்மில் சுற்றிய கயிற்றை காக்பிட்டில், அதாவது சுக்கான் பிடிப்பவர் உட்காரும் இடத்தில், உட்கார்ந்தபடி இழுத்தால் பாய் முறுக்குப் போலச் சுருண்டுகொள்ளும்.

மேகம் வரும்போது ஃபர்லருக்குத்தான் என் ஓட்டு, சந்தேகமே இல்லை. ஷீட்டை, அதாவது பாயின் பின்மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றைத் தளர்த்தி, ஆனால் கையை விட்டுவிடாமல் கொஞ்சம் இழுவை வைத்துக்கொண்டு, படகைக் காற்றுக்கு முதுகு காட்டுகிற மாதிரித் திருப்பி, பெரிய பாயின் மறைவில் முன்பாயை அடக்கிச் சுருட்டினால் ஒரு நிமிஷம்கூட ஆகாது. கடைசியில் ஷீட்டையும் சேர்த்து ரெண்டு மூணு சுற்று சுற்றிவிட வேண்டும், இல்லையென்றால் நுனி பிரிந்துகொள்ளும். கொக்கிப் பாய்க்காலத்தில் இதே வேலைக்கு நான் முன்தளத்தில் தவழ்ந்து போவேன், மூக்கில் உப்புத் தண்ணீர், முழங்காலில் சிராய்ப்பு, பின்னால் சுக்கான் பிடித்திருக்கும் மச்சான் "டேய், பிடிச்சுக்கடா" என்று கத்துவான்.

துறைமுக வாயிலிலும் இதே கதைதான். ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பை 1911இல் தொடங்கிய சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங், துறைமுகத் தலைவராக இருந்தபோதுதான் கிழக்கே திறந்திருந்த வாயை மணல் தொல்லை தாங்காமல் வடகிழக்குப் பக்கம் மாற்றினார்கள். மணலுக்கு அது நல்லதாக இருந்திருக்கலாம். வாடைக்காற்றில் அலை அந்த வாய்க்குள் புரண்டு வரும்போது முன்தளத்தில் நின்று கொக்கி மாட்டுவது எனக்கு நல்லதாக இல்லை. உள்ளே கப்பலும் இழுவைப்படகும் நகரும் இடத்தில் பாய் ஏற்றவும் முடியாது. ஃபர்லர் இருந்தால் எஞ்சினில் வெளியே வந்து, நிதானமாகக் கயிற்றை விட்டால் போதும். விடும்போதும் கையில் லேசான பிடி வேண்டும். சடாரென்று விட்டால் டிரம்மில் கயிறு தொளதொளவென்று ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், அப்புறம் சுருட்டும்போது சிக்கிக்கொள்ளும்.

இதுவரை படித்தவர்கள் ஃபர்லர் வாங்கக் கிளம்பியிருந்தால் கொஞ்சம் உட்காருங்கள். ஃபர்லர் மாட்டிய இரண்டாம் மாதம், திருவான்மியூருக்கு நேரே கடலில் நிற்கிறோம், காற்று ஏறுகிறது, சுருட்டுகிறேன், ரெண்டு சுற்று வந்ததும் கயிறு கல் மாதிரி நின்றுவிட்டது. நான் செய்த முட்டாள்தனம், கயிற்றை வின்ச்சில், அதாவது கைப்பிடி போட்டுச் சுற்றும் உருளையில் போட்டு முறுக்க ஆரம்பித்தது. கூட வந்திருந்த காசிமேட்டு அண்ணன், வாழ்நாள் முழுக்க மீன்பிடிப் படகில் இருந்தவர், ஃபர்லரை அன்றுதான் முதல் தடவை பார்க்கிறார், என் கையைத் தட்டிவிட்டார். "தம்பி, வரமாட்டேங்குதுன்னா எதுக்கோ வரமாட்டேங்குது. இழுக்காத. மேல பாரு."

மேலே பார்த்தால் ஹாலியார்டு குழாயைச் சுற்றிக் கொடி மாதிரிப் படர்ந்திருந்தது. காரணம் எளிது. நான் போட்டிருந்த பாய் குழாயின் உயரத்துக்குக் குட்டை, அதனால் ஸ்விவல் உச்சிக்குப் போகாமல் ரெண்டு அடி கீழே நின்றது, அங்கிருந்து ஹாலியார்டு குழாயை ஒட்டினாற்போல் மேலே போனது, ஸ்விவல் சுழலாமல் ஹாலியார்டைத் தன்னோடு இழுத்துச் சுற்றிக்கொண்டது. இன்னும் ரெண்டு முறுக்கு முறுக்கியிருந்தால் குழாய் நெளிந்திருக்கும், இல்லை முன்கம்பியின் இழைகளே பிரிந்திருக்கும். முன்கம்பி போனால் பாய்மரம் பின்னால் சாயும். மெதுவாகப் பிரித்து, ஹாலியார்டைத் தளர்த்திப் பாயைக் கையால் இறக்கினோம். கரைக்கு வந்ததும் பாயின் தலைக்கும் ஸ்விவலுக்கும் நடுவே ரெண்டு அடிக் கயிற்றுத் துண்டு ஒன்றைச் சேர்த்தேன். ஸ்விவல் உச்சிக்குப் போனது, ஹாலியார்டு குழாயிலிருந்து விலகிப் பின்பக்கமாகச் சாய்ந்து நின்றது, நோய் தீர்ந்தது.

அன்றைக்கு இறக்கும்போதுதான் கொக்கிப் பாயின் அருமை புரிந்தது. கொக்கிப் பாய் இறங்கினாலும் முன்கம்பியை விட்டுப் போகாது, தளத்தில் குவிந்து கிடக்கும். ஃபர்லர் பாய் காடியிலிருந்து உருவிக்கொண்டு வந்ததும் முழுப் பாயும் யாருக்கும் கட்டுப்படாமல் பறக்கும், நாலு கைக்கு வேலை. அதாவது ஃபர்லர் சரியாக ஓடும்வரை சொர்க்கம், மக்கர் செய்தால் கொக்கியைவிட மோசம்.

அடுத்தது பாயின் வடிவம். பாதி சுருட்டி ஓட்டலாம் என்று விற்பவர்கள் சொல்வார்கள். கால்வாசி, மிஞ்சினால் முப்பது சதவீதம்வரை சரி, அதுவும் முன்விளிம்பில் நுரைப்பட்டை தைத்திருந்தால், ஷீட் கப்பியையும் முன்னால் நகர்த்தினால். அதற்குமேல் சுருட்டினால் பாய் தொப்பை போட்டுவிடும், படகு காற்றை எதிர்த்து ஏறாது, பக்கவாட்டில் நழுவும். சித்திரையில் தெற்கத்திக் காற்று ஏறி நிற்கும்போது புதுச்சேரிக்குக் கிளம்பிப் பாருங்கள், முழுக்க எதிர்க்காற்று, குட்டை அலை. அந்த நேரத்தில் தட்டையாக வெட்டித் தைத்த சின்னக் கொக்கிப் பாய்க்கு முன்னால் பாதி சுருட்டிய ஜெனோவா என்கிற பெரிய முன்பாய் ஒரு மூட்டைதான்.

வெயிலைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை, ஊருக்கே தெரியும். சுருண்ட பாய் வருஷம் முழுக்க வெளியிலேயே நிற்பதால் பின்விளிம்பிலும் அடிவிளிம்பிலும் வெயில் தாங்கும் துணிப்பட்டை தைத்தே ஆக வேண்டும், சுருட்டும்போது அந்தப் பட்டை வெளிப்பக்கம் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். துணிக்கு முன்னால் தையல் நூல்தான் முதலில் இற்றுப்போகும், விரலால் கீறிப் பாருங்கள். கொக்கிப் பாய் பையில் தூங்குவதால் வெயில் தொல்லை இல்லை, ஈரமாக மடித்தால் பூஞ்சை, அவ்வளவுதான். உப்பு ரெண்டுக்கும் பகை: கொக்கியின் பிஸ்டன் இறுகும், டிரம்மின் பேரிங் கரகரக்கும். நல்ல தண்ணீரில் அலசினால் ரெண்டும் பிழைக்கும். கிரீஸ் விஷயத்தில் மட்டும் கையேட்டைப் பார்த்துவிடுங்கள், சில ஃபர்லருக்கு வேண்டும், சிலவற்றுக்குத் தொடவே கூடாது.

புயல் விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதிரிக் காற்றில் சுருண்ட பாயின் நுனி கொஞ்சம் பிரிந்தால் போதும், மீதி தானாக அவிழ்ந்து மரத்தையே ஆட்டி எடுக்கும். அதனால் இறக்கிவிட வேண்டும், ஆனால் ஃபர்லர் பாயை இறக்க வேண்டுமானால் முதலில் முழுசாகப் பிரிக்க வேண்டும், காற்றடிக்கும்போது அது நடக்காத காரியம். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்த மறுநாள் விடியற்காலையே, காற்று எழும்புமுன், ரெண்டு பேர் போய் உருவிவிடுவோம். கொக்கிப் பாய்க்காரர் அன்றைக்கு வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

சரி, எதை வாங்குவது? இருபத்திரண்டு, இருபத்துமூன்று அடிக்குள் படகு, கூட ஒரு ஆள் எப்போதும் வருவார் என்றால் ஃபர்லருக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். கொக்கிப் பாயே போதும், அதோடு ஒரு இறக்குகயிறு: பாயின் தலையில் கட்டிய மெல்லிய கயிறு கொக்கிகளின் ஊடே கீழே இறங்கி, அடியில் ஒரு கப்பி வழியாக காக்பிட்டுக்கு வரும், ஹாலியார்டை விட்டு இதை இழுத்தால் பாய் சரசரவென்று இறங்கி அப்படியே அடங்கிக் கிடக்கும். ஃபர்லரின் சுகத்தில் முக்கால்வாசி இந்த ஒரு கயிற்றிலேயே கிடைத்துவிடும், ஏன் பலர் போடுவதில்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை. என் படகு மாதிரிப் பெரிசு, பாதி நாள் தனியாள் என்றால் ஃபர்லர்தான்.

ஒரு சிக்கல் மிச்சம். குழாய் ஏறிய முன்கம்பியில் கொக்கி மாட்ட முடியாது, ஆகவே பழைய சின்னப் பாய் வீணாகிவிடும் என்று நினைத்தேன். மனசு வரவில்லை. மரத்தில் கொஞ்சம் கீழிருந்து, முன்கம்பிக்கு உள்ளே, வேண்டும்போது மட்டும் மாட்டிக் கழற்றுகிற மாதிரி ஒரு உள்கம்பி போட்டுக்கொண்டேன். எதிர்க்காற்று ஏறினால் ஃபர்லரை முழுசாகச் சுருட்டிவிட்டு, சின்னப் பாயை உள்கம்பியில் கொக்கி மாட்டி ஏற்றுகிறேன். முதல் தடவை இதைப் பார்த்த காசிமேட்டு அண்ணன், "அப்ப எதுக்கு அவ்ளோ காசு குடுத்து அத வாங்குன?" என்றார்.