டெஸ்ட்பெட் நோட்களுக்கு நடுவில பேண்ட்வித் அளக்கிறது: ஐபெர்ஃப்3ஓட சில வருசம்

முதல்லயே சொல்லிடுறன், ஆராய்ச்சி டெஸ்ட்பெட்ல (பரிசோதனைக்கெண்டு பல இடத்தில வைச்சிருக்கிற மெஷின் கூட்டம், ஒவ்வொரு மெஷினும் ஒரு நோட்) ரெண்டு மெஷினுக்கு நடுவில பேண்ட்வித், அதாவது செக்கண்டுக்கு எவ்வளவு டேட்டா போகும் எண்டு, அளக்கோணும் எண்டா இப்பவும் நான் டேட்டாவைத் தள்ளிப் பாத்து வேகம் சொல்லுற ஐபெர்ஃப்3 தான் போடுவன், ஆனா அது கடைசி வரியில காட்டுற நம்பரை மட்டும் தூக்கி பேப்பர்ல போடுற ஆக்களைக் கண்டா கடுப்பாகும். அந்த நம்பர் லிங்கின்ர கொள்ளளவு இல்ல. அந்த நேரத்தில ரெண்டு மெஷினும், அதில ஓடின டிசிபியும் (டேட்டாவை ஒழுங்காக் கொண்டுபோய்ச் சேர்க்கிற விதிமுறை), நடுவில இருந்த நெரிசலும் சேர்ந்து எவ்வளவு போக விட்டுதோ அதுதான்.

நான் இதுக்குள்ள வந்தது பிளானட்லேப் எண்ட டெஸ்ட்பெட் காலத்தில, சேருக்குத் தெரிஞ்ச வெளிநாட்டுக்காரர் ஒருத்தர்ட ஸ்லைஸ்ல (அந்த மெஷின்களில அவருக்கு ஒதுக்கின பங்கு) இடம் கிடைச்சது. தெரியாத ஆக்களுக்கு: 2002ல தொடங்கி 2020ல மூடினது, உலகம் முழுக்க பல்கலைக்கழகங்கள் தங்கட மெஷினைக் குடுத்து 1000 நோட்டுக்கு மேல போன காலமும் இருந்தது. ஒரு நோட்ல உங்களுக்கு கிடைக்கிறது முழு மெஷின் இல்ல, அதில ஒரு பங்குதான், அதே நேரம் வேற நாட்டுப் பெடியள் பெட்டையள்ட எக்ஸ்பெரிமென்டும் அதே சிபியுவில ஓடும். இப்ப நான் பாவிக்கிற டெஸ்ட்பெட்ல கன்டெய்னர் எண்டு பேர் மாறியிருக்கு, பங்கு போடுறது மாறேல்ல.

முதல் தலையிடி கணக்குத்தான். 50 நோட் எண்டா ஒவ்வொரு திசையையும் தனியா எண்ணினா 2450 டெஸ்ட். ஐபெர்ஃப்3 சும்மா விட்டா 10 செக்கண்ட் ஓடும், ஒண்டு முடிய ஒண்டு எண்டு போட்டா கிட்டத்தட்ட 7 மணித்தியாலம், எல்லா லிங்கும் 100 எம்பிபிஎஸ் (செக்கண்டுக்கு மெகாபிட்) எண்டு வைச்சா ஒரு டெஸ்டுக்கு 125 எம்பி (மெகாபைட்), மொத்தம் 300 ஜிபிக்கு மேல. இலவசமா இடம் தந்த கம்பஸ் லைனில இதை தினமும் ஓட்டினா அட்மின் மெயில் வராம என்ன செய்யும்? சேர்ந்து ஓட்டவும் ஏலாது, ஒரு நோட்ல ரெண்டு டெஸ்ட் சந்திச்சா ரெண்டு நம்பரும் குப்பை. ஐபெர்ஃப்3 சேர்வர் ஒரு நேரத்தில ஒரு கிளையன்டைத்தான் எடுக்கும், மற்ற ஆளுக்கு பிஸி எண்டு சொல்லி திருப்பி அனுப்பிடும், பலபேர் இதைத் திட்டுவினம், எனக்கெண்டா அது நல்ல குணம்.

இதுக்குத்தான் பொதிச்சோடி முறை வந்தது, பாத்ரேட், பாத்லோட், ஸ்ப்ரூஸ் எண்டு கொஞ்சம் டூல் இருக்கு, எல்லாம் ஒரே டிசைன் இல்ல, ஆனா அடிப்படை கிட்டத்தட்ட ஒண்டு. ரெண்டு பாக்கெட்டை (டேட்டாவின்ர சின்னப் பொதி) ஒட்டி ஒட்டி அனுப்பி, மற்றப் பக்கம் வரேக்க நடுவில எவ்வளவு இடைவெளி விழுந்திருக்கு எண்டு பாத்து நெரிசலான லிங்கின்ர வேகத்தைக் கணிக்கிறது. கொஞ்ச டேட்டாதான் செலவு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 1500 பைட் பாக்கெட் ஒண்டு 100 எம்பிபிஎஸ் லிங்கில போக 120 மைக்ரோசெக்கண்ட், 1 ஜிபிபிஎஸ்ல வெறும் 12 மைக்ரோசெக்கண்ட். பங்கு போட்ட மெஷின்ல உங்கட ப்ரொசெஸுக்கு சிபியு முறை வர சிலநேரம் மில்லிசெக்கண்ட் கணக்கில பிந்தும், அதுக்கு மேல நெட்வொர்க் கார்டு வேற பாக்கெட்டுகளைச் சேர்த்து வைச்சு ஒரே இன்டரப்டில (சிபியுவைக் கூப்பிடுற சிக்னல்) தள்ளும். மீன்கடைத் தராசில தங்கம் நிறுத்த மாதிரித்தான். ஒரே பாதைக்கு காலமை ஒரு விடை, மத்தியானம் அதின்ர பத்து மடங்கு. அந்த டூல்கள் எழுதின ஆக்களில குறை இல்ல, தனி மெஷின்ல, கேர்னல் டைம்ஸ்டாம்போட (பாக்கெட்டின்ர நேரத்தை ஓஎஸ்ஸே குறிக்கிறது) ஓட்டினா ஒழுங்கா வேலை செய்யும், எங்களுக்கு கிடைக்கிறது அப்படி மெஷின் இல்ல, அவ்வளவுதான். நான் அதை விட்டுட்டன்.

போன வருசம் ஜூனியர் தம்பி ஒருத்தன் வந்து கேட்டான், "அண்ணா, வெள்ளவத்தையில வீட்ட ஸ்பீட் டெஸ்ட் போட்டா 90 காட்டுது, அதே லைனில ஐரோப்பா நோட்டுக்கு ஐபெர்ஃப் போட்டா 8தான் வருது, எது பொய்?" ரெண்டும் பொய் இல்லடா தம்பி. ஸ்பீட் டெஸ்ட் உங்களுக்குப் பக்கத்தில, அனேகமா கொழும்புக்குள்ளயே இருக்கிற சேர்வரைத் தேடி, பல கனெக்ஷனை ஒரேயடியா திறந்து இழுக்கும். நீ போட்டது ஒரே ஒரு டிசிபி, போய் வரவே 180 மில்லிசெக்கண்ட் எடுக்கிற பாதையில. அந்தத் தூரத்தில 100 எம்பிபிஎஸ் நிரப்போணும் எண்டா 2.25 எம்பி டேட்டா எந்த நேரமும் வழியில நிக்கோணும். விண்டோ (பதில் வர முந்தி அனுப்பக்கூடிய டேட்டா அளவு) 64 கேபியில மாட்டிக்கொண்டா லிங்க் எவ்வளவு பெரிசா இருந்தாலும் 3 எம்பிபிஎஸ் கூட வராது. பாக்கெட் இழப்பும் அப்படித்தான், 1997ல மாதிஸ் எண்ட ஆராய்ச்சியாளரும் கூட்டாளியளும் டிசிபி வேகத்துக்குக் குடுத்த சமன்பாட்டில போட்டுப் பாருங்கோ, 10000 பாக்கெட்டுக்கு ஒண்டு தவறினாலே பழைய ரீனோ வகை டிசிபி அந்தப் பாதையில 8 எம்பிபிஎஸ் அளவிலதான் நிக்கும். லினக்ஸ்ல இப்ப வழக்கமா வாற கியூபிக் எண்ட டிசிபி வகை நீண்ட பாதையில கொஞ்சம் நல்லம், பிபிஆர் எண்ட வகை போட்டா நம்பர் இன்னும் வேற, அப்ப எந்த டிசிபி எண்டு எழுதாத பேண்ட்வித் நம்பரை வைச்சு என்ன செய்யிறது?

இதை ஐபெர்ஃப்3லயே பிடிக்கலாம், அதாலதான் எனக்கு அது பிடிச்சது. அனுப்புற பக்கம் லினக்ஸ் எண்டா ஒவ்வொரு செக்கண்டுக்கும் ரீட்ரான்ஸ்மிட்டும் (தவறினதைத் திருப்பி அனுப்பின எண்ணிக்கை) கன்ஜெஷன் விண்டோவும் (நெரிசலைப் பாத்து டிசிபி தானே வைக்கிற விண்டோ) காட்டும். ரீட்ரான்ஸ்மிட் பூச்சியம், வேகம் ஒரே மட்டத்தில படுத்திருக்கு எண்டா முதல்ல பஃபரையும் (டேட்டாவை வைச்சிருக்கிற மெமரி) சிபியுவையும் பாருங்கோ, ஜேசன் ஃபார்மட் அவுட்புட்டில ரெண்டு பக்க சிபியு வீதமும் வரும். விண்டோ ஏறி ஏறி விழுகுது எண்டா வழியில இழப்பு. பிறகு பரலல் ஆப்ஷன்ல 8 ஸ்ட்ரீம் போட்டுப் பாக்கிறது, கூட்டுத்தொகை நல்லா ஏறினா பாதையில இடம் இருக்கு, ஒத்தை டிசிபிக்குத்தான் ஏலாமக் கிடக்கு. 3.16க்கு முந்தின வெர்ஷன் எண்டா எத்தனை ஸ்ட்ரீம் போட்டாலும் ஒரே த்ரெட்லதான், அதாவது ஒரு நேரத்தில ஒரு சிபியு கோரில மட்டும்தான், ஓடும், வேகமான லிங்குக்கு அது காணாது, வெர்ஷனைப் பாத்திட்டு நம்புங்கோ. சேர்வர் பக்கத்தில இருந்து அனுப்ப வைக்கிற ரிவர்ஸ் ஆப்ஷனை மறக்கவே வேண்டாம், போற பாதையும் வாற பாதையும் ஒண்டா இருக்கோணும் எண்டு சட்டம் இல்ல.

யூடிபி மோட்ல (டிசிபி இல்லாம, போய்ச் சேர்ந்துதா எண்டு பாக்காம அனுப்புறது) நான் கவனம். வேகம் குடுக்காட்டி 1 எம்பிபிஎஸ்லதான் அனுப்பும், இதைப் பாத்து லைன் செத்துப்போச்சு எண்டு பதறின ஆக்கள் இருக்கினம். கூடக் குடுத்தா நெரிசலைப் பாத்து பின்வாங்காது, மற்ற ஆக்கள்ட ட்ராஃபிக்கையும் சேத்து மிதிக்கும். பொது டெஸ்ட்பெட்ல அது மரியாதை இல்ல.

ரைப் அட்லஸ் (உலகம் முழுக்க சின்ன அளவீட்டுப் பெட்டிகள் வைச்ச திட்டம்) போதாதா எண்டும் கேக்கினம். பிங் (போய் வர எடுக்கிற நேரம் பாக்கிறது), ட்ரேஸ்ரூட் (போற வழி பாக்கிறது), டிஎன்எஸ் மாதிரி விசயங்களுக்கு அருமை, ஆனா பேண்ட்வித் அளக்க அதில வழியே இல்ல. ஒழுங்கா நீண்டகாலம் அளக்கிறது எண்டா பெர்ஃப்சோனார் எண்ட அளவீட்டுத் தொகுதி, அதுவும் உள்ளுக்கு ஐபெர்ஃப்3 மாதிரி டூலைத்தான் ஓட்டும், ஆனா டெஸ்டுகள் ஒண்டோட ஒண்டு முட்டாம நேரம் ஒதுக்கும். தனி மெஷின் ஒண்டை ஒதுக்கி வைக்க வசதி இருந்தா கண்ணை மூடிக்கொண்டு அதுக்குப் போங்கோ.

எனக்கு அந்த வசதி இல்ல. அதால இப்ப செய்யிறது: பிங் மட்டும் எல்லாச் சோடிக்கும் எந்த நேரமும் ஓடும், செலவே இல்ல. கொழும்பில இருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில 2700 கிலோமீட்டர் அளவுதான், ஃபைபரில ஒளி போய் வர எப்படியும் 27 மில்லிசெக்கண்ட் வேணும், அளந்தது அதைவிட பல மடங்கு எண்டா பாதை எங்கயோ சுத்துது எண்டு விளங்கும். ஆர்டிடி (போய் வர எடுக்கிற நேரம்) திடீரெண்டு மாறின சோடிக்கு மட்டும் ஐபெர்ஃப்3, முதல் சில செக்கண்டை விட்டுட்டு எண்ணச் சொல்லி ஓமிட் ஆப்ஷனோட. பின்னேரம் ஏழுக்கும் பதினொண்டுக்கும் நடுவில ஒருக்கா, விடியப்புறம் ஒருக்கா, ரெண்டையும் சராசரி எடுக்காம தனித்தனியா வைக்கிறன். கேர்னல் வெர்ஷன், டிசிபி வகை, நோட்டின்ர லோட் எல்லாம் அதே ஃபைலில.