மோலா, நார்மாலிட்டியா?

தாராவி தொண்ணூறடி ரோட்டில் மாலை டியூஷன் எடுக்கிறேன். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குள் ஓயாத சண்டை: டைட்ரேஷன் (ஒரு கரைசலோடு முழுசாக வினைபுரிய இன்னொரு கரைசல் எவ்வளவு வேண்டும் என்று அளப்பது) கணக்கை மோல் (துகள்களை எண்ணும் அலகு) வழியில் போடுவதா, நார்மாலிட்டி (ஒரு லிட்டர் கரைசல் வினையில் எத்தனை மோல் ஹைட்ரஜன் அயனியை அல்லது எலக்ட்ரானைக் கைமாற்றும் என்ற அளவு) வழியிலா?

ஒரே கணக்கை இரண்டிலும் போடுவோம். 0.1 மோலார், அதாவது லிட்டருக்கு 0.1 மோல் உள்ள சல்ஃப்யூரிக் அமிலம் 25 மி.லி. இருக்கிறது. அதை முழுசாக நடுநிலையாக்க 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு எவ்வளவு வேண்டும்?

மோல் வழியில், 0.025 × 0.1 = 0.0025 மோல் அமிலம். சமன்பாட்டின்படி ஒரு அமிலத்துக்கு இரண்டு காரம், ஆக 0.005 மோல், அதாவது 50 மி.லி. நார்மாலிட்டியில் அமிலம் இரண்டு ஹைட்ரஜன் தருவதால் 0.2 நார்மல்; காரம் ஒன்றே வாங்குவதால் 0.1 நார்மல். 0.2 × 25 = 0.1 × கனஅளவு. ஒரே வரியில் 50! வேகத்தில் இதுதான் ஜெயிக்கும், மறுக்கவில்லை.

ஆனால் அந்த 'இரண்டு' எங்கிருந்து வந்தது என்றால் பாதிப் பேர் முழிக்கிறார்கள். எலக்ட்ரான் வாங்கி வினைபுரியும் பெர்மாங்கனேட் வந்தால் இன்னும் வம்பு. 0.02 மோலார் கரைசல், அமில ஊடகத்தில் ஐந்து எலக்ட்ரான் வாங்குவதால் 0.1 நார்மல், நடுநிலையில் மூன்றே வாங்குவதால் 0.06. பாட்டில் அதே, லேபிள்தான் மாறுகிறது. மோலாரிட்டிக்கு இந்தத் தலைவலி கிடையாது. எந்த வினைபொருள் முதலில் தீரும் என்ற கணக்குக்கும் மோல்தான் தெளிவு.

சிலர் முதல் கணக்கில் மோலாரிட்டியையே இருபுறமும் பெருக்கி, 0.1 × 25 = 0.1 × கனஅளவு, ஆக 25 என்று எழுதிவிட்டு, "ஃபார்முலா சரிதானே சார்?" என்பார்கள். அது தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்வதற்கான ஃபார்முலா, தம்பி!

என் வகுப்பில் தீபாவளி வரை மோல் மட்டும்தான். நார்மாலிட்டி அதற்கப்புறம், நுழைவுத்தேர்வு எழுதுகிறவர்களுக்கு.