கிரகம் தேடப் போனால் இரட்டை நட்சத்திரம்தான் வந்து நிற்கிறது

அரூர் மச்சான் நேற்று போனில் கேட்டான், "ராத்திரியில புள்ளி புள்ளியா பாத்துக்கிட்டு இருக்கியே மாப்ள, நானும் சேரட்டுமா, காசு ஏதாச்சும் வருமா?" வராது. கட்டவும் வேண்டாம். 2018-லிருந்து ஓடும் பிளானட் ஹண்டர்ஸ் டெஸ்தான், நாசாவின் டெஸ் செயற்கைக்கோள் அளந்த நட்சத்திர ஒளியில் தன்னார்வலர்கள் கிரகம் தேடும் இணையத் திட்டம், புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கிரகம் குறுக்கே போனால் நட்சத்திர ஒளி கொஞ்சம் குறையும், வரைபடத்தில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தின் மேல் கட்டம் போட வேண்டும், அவ்வளவுதான்.

என்னைக் கடுப்பேற்றுவது இரட்டை நட்சத்திரங்கள், அதாவது ஒன்றை ஒன்று சுற்றும் ஜோடிகள். அவை ஒன்றை ஒன்று மறைக்கும்போதும் பள்ளம் விழும். அது ஆழமாக, 'வி' மாதிரி கூராக விழுந்தால் பரவாயில்லை, பார்த்ததுமே தெரிந்துவிடும். ஆனால் டெஸ் செயற்கைக்கோளின் ஒரு பிக்சல் வானத்தில் 21 வினாடிக்கோண (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்குதான் ஒரு வினாடிக்கோணம்) அகலம், அதற்குள் இரண்டு மூன்று நட்சத்திரங்களின் ஒளி கலந்துவிடும். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டால் எங்கள் பாலக்கோட்டு வீட்டில் பல்பு மங்குமே, அதே கதை. எங்கோ ஓரத்தில் இருக்கும் இரட்டையின் ஆழமான பள்ளம் இங்கே நீர்த்துப்போய் ஒரு சதவீதமாகத் தெரியும், அதாவது வியாழன் சூரியனைக் கடந்தால் எவ்வளவு குறையுமோ கிட்டத்தட்ட அவ்வளவு. கண்ணால் பார்த்து எப்படிப் பிரிப்பது? பிரிக்க முடியாது சாமி.

நியாயமாகவும் பேச வேண்டும். மென்பொருள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வரும் பள்ளத்தைத்தான் தேடும். வானத்தின் ஒரு பகுதியை டெஸ் ஒருமுறை பார்ப்பது ஏறத்தாழ 27 நாள், அதில் ஒரே ஒருமுறை கடந்து போகும் கிரகத்தைப் பிடிக்க மனிதக் கண் வேண்டும். 2024-ல் அறிவித்த டிஓஐ-4633 சி என்ற கிரகம் அப்படித்தான் தன்னார்வலர்கள் கண்ணில் பட்டது, அது ஒரு சுற்று முடிக்க 272 நாள். அந்த நட்சத்திரத்துக்கும் ஒரு ஜோடி இருக்கிறது என்பது வேறு விஷயம். 2012-ல் நாசாவின் கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கியின் தரவில் தன்னார்வலர்கள் பிடித்த பிஎச்1 என்ற கிரகம் சுற்றுவதே ஓர் இரட்டையைத்தான், அப்புறம் அதற்கு வெளியே இன்னொரு இரட்டை வேறு!

இதெல்லாம் தெரிந்தும் நேற்று ராத்திரி அடுத்தடுத்து 'வி' வந்தபோது லேப்டாப்பை மூடிவிட்டேன்.

மச்சானுக்கு என் பதில், வேண்டாம்டா. உனக்குப் பொறுமை கிடையாது. மீறிச் சேர்ந்தால் போனில் விரலால் கட்டம் போடாதே, மவுஸ் வாங்கிக்கொள்.